அண்ணன் கட்டும் விமானத்துக்கு உள்பலகை

பெரியம்மாவின் மூத்த மகன் கனடாவில், ஒன்ராறியோவில் இருக்கிறார். ஆறு வருடமாகத் தன் வீட்டுக் கராஜுக்குள் ஒரு விமானம் கட்டுகிறார். வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-9ஏ. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன விமானம். ஆட்கள், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்த்து 794 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலிருந்து தகடுகள் பெட்டி பெட்டியாக வரும். வேலை முடிந்து வந்து இரவில் இரண்டு மணித்தியாலம், சனி ஞாயிறில் முழு நாள் என்று ரிவெட் அடித்து அடித்து இன்றைக்கு அதற்கு இறக்கையும் வாலும் வந்துவிட்டன.

போன வைகாசியில் அவரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "தம்பி, உள்ளே சுவருக்கு என்ன போடலாம்? நீ பார்த்த வேலைதானே."

நான் பார்த்த வேலைதான். இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் அப்பா தொடங்கிய குஷன் கடையை இப்போது நான் நடத்துகிறேன். பஸ் சீட், வேன் சீட், ஓட்டோவுக்கு ஹூட், எப்போதாவது ஒரு சோபா. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் வளைகுடாவில், பயணிகள் விமானங்களின் உட்பாகங்களைக் கழற்றித் திருத்திப் பூட்டும் பட்டறை ஒன்றில் இருந்தேன். அண்ணனுக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பட்டறை அல்ல, நாங்கள் இருந்த லயன், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்.

எனக்கு ஒன்பது வயது. எங்கள் லயனில் கடைசிக் காம்பராவில் தீப்பிடித்தது. கூரைத் தகரத்துக்குக் கீழே குளிருக்கு மறைப்பாக எல்லோரும் எதையாவது அடித்திருப்பார்கள்: சாக்கு, காட்போட் மட்டை, பழைய பிளைவுட். எங்கள் வரிசையில் பாதிப்பேர் அடித்திருந்தது அப்பா கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ரெக்சின் துண்டுகளும் மெல்லிய ஸ்பொன்ஞ்சும். சும்மா போகிற சாமான், நாலு பேருக்குக் குளிர் தாங்கட்டும் என்று கொடுத்தார். தீ அந்த மறைப்பைப் பிடித்துக்கொண்டு காம்பரா காம்பராவாக ஓடியது. தீயைவிட முன்னால் ஓடியது புகை. கறுப்பாக, தடிப்பாக, ஆளின் இடுப்பளவுக்கு இறங்கி நின்றது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் புகையைக் குடித்த பக்கத்து வீட்டு மாமா மாதக்கணக்கில் இருமிக்கொண்டே இருந்தார். அப்பா அதற்குப் பிறகு ஒரு துண்டு ரெக்சினைக்கூட யாருக்கும் கூரைக்குக் கொடுக்கவில்லை.

அதனால் அண்ணனுக்கு நான் எழுதிய முதல் வரி இதுதான்: "அழகு, விலை, எடை எல்லாம் பிறகு பார்ப்போம். நீங்கள் போட நினைக்கிற ஒவ்வொன்றிலும் ஒரு கீற்று அனுப்புங்கள். எரித்துப் பார்க்க வேண்டும்."

காரில் புகை வந்தால் ஓரங்கட்டி இறங்கிவிடலாம். இரண்டாயிரம் மீற்றர் உயரத்தில் இருப்பவர் அவசரமாக இறங்கினாலும் தரையைத் தொட நாலைந்து நிமிடம் போகும். அந்த நாலைந்து நிமிடமும் அவர் மூச்சு விடுவது அந்தச் சின்னக் கூண்டுக்குள். உள்பலகையின் பின்னால் மின்கம்பிகள் ஓடுகின்றன. எரிபொருள் குழாய் தரைவழியாக நடுவில் இருக்கும் வால்வுக்கு வருகிறது. சுவருக்கும் முழங்கைக்கும் இடைவெளி நாலு விரல்.

மூன்று கிழமையில் பொதி வந்தது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் 2 மில்லிமீற்றர். கைடெக்ஸ் 1.5 மில்லிமீற்றர். பேர்ச் மரத்தின் விமான பிளைவுட் 1.5 மில்லிமீற்றர். அலுமினியத் தகடு அரை மில்லிமீற்றர். நோமெக்ஸ் என்ற லேசில் எரியாத கடதாசியைத் தேன்கூடு மாதிரி அடுக்கி, அதன் இரண்டு பக்கமும் கண்ணாடி இழைத் துணியை எப்பொக்சியால் ஒட்டி அண்ணனே செய்த ஒரு பலகை. அத்தோடு வெள்ளித்தாள் ஒட்டிய மெல்லிய நுரை விரிப்பு. பலகைக்குப் பின்னால் வெயிலுக்கும் சத்தத்துக்கும் மறைப்பாகப் போட நினைத்தாராம். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே ஹாட்வெயார் கடைகளில் தகரக் கூரைக்குக் கீழே அடிக்க விற்கும் அதே மாதிரியான விரிப்பு.

பெரிய விமானங்களுக்கு ஒரு சோதனை முறை இருக்கிறது. ஏறத்தாழ 75 மில்லிமீற்றர் அகலமும் 305 மில்லிமீற்றர் நீளமும் உள்ள கீற்றை நிமிர்த்தித் தொங்கவிட்டு, 38 மில்லிமீற்றர் உயரச் சுடரை அதன் கீழ் விளிம்பில் காட்ட வேண்டும். சீட் உறை, மெத்தை, திரைக்கு 12 செக்கன். சுவர்ப் பலகைக்கு 60 செக்கன். சுடரை எடுத்தபின் 15 செக்கனுக்குள் அது அணைய வேண்டும். 12 செக்கன் சோதனையில் கருகல் 203 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது, 60 செக்கன் சோதனையில் 152. உருகிச் சொட்டினால் அந்தச் சொட்டும் சில செக்கன்களில் அணைய வேண்டும். அண்ணனின் விமானம் அந்த வகையில் வராது. ஆனாலும் ஒரு அளவுகோல் இருப்பது நல்லது. பழைய எண்ணெய்ப் பரலை நெடுக்கில் வெட்டி, காற்று அடிக்காத மூலையில் நிறுத்தி, உள்ளே கம்பியில் கீற்றைத் தொங்கவிட்டேன். கையில் சின்ன காஸ் டோர்ச். தம்பியின் போனில் செக்கன் எண்ணினோம்.

ஒரு சிக்கல், அது ஆனி மாதம். ஹட்டனில் ஆனி மாதத்தில் எதுவும் காயாது. தீப்பெட்டிக்குச்சிகூட நமுத்துப்போகும். ஈரம் குடித்த பிளைவுட்டும் துணியும் உள்ளதைவிட நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். எனக்குத் தெரிந்த டீமேக்கர் ஒருவர் பக்கத்துத் தோட்டத்து பெக்டரியில் இருக்கிறார். தேயிலையின் ஈரத்தை 3 வீதம் அளவுக்கு இறக்கும் டிரையருக்குப் பக்கத்தில் இரண்டு நாள் கீற்றுகளை வைத்துக் கொடுத்தார். எடுத்து வந்தபோது எல்லாவற்றிலும் தேயிலை வாசம். சோதனைக்கூடத்துக்கு இது ஈடாகாது, ஆனால் மழை சொல்லும் பொய்யை இல்லாமலாக்கியது.

ஏபிஎஸ் பன்னிரண்டு செக்கன் தாங்கவில்லை. மஞ்சள் சுடர், அதன் நுனியிலிருந்து கறுப்பு நூல் நூலாகக் கரி பறந்து பரலின் உட்பக்கம் படிந்தது. கீற்று வளைந்து தொங்கியது. சுடரை எடுத்தும் எரிந்துகொண்டே போனது. அண்ணனின் முதல் விருப்பம் இதுதான், ஏனென்றால் சூடாக்கி எந்த வளைவிலும் படியவைக்கலாம். வீடியோவைப் பார்த்தபின் அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அடுத்த நாள் மட்டும் "அது வேண்டாம்" என்றார்.

கைடெக்ஸ் வேறு சாதி. அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்தது. சுடர் பட்ட இடம் கருகிப் பொங்கியது, சுடரை எடுத்ததும் அணைந்துவிட்டது. ஆனால் அந்தப் புகை மூக்கில் ஏறியதும் கண் எரிந்தது. பிவிசியில் குளோரின் இருக்கிறது. எரிந்தால் அமிலப் புகை. எடையும் கூட. ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு கிலோ. கால் அடிக்கடி உரசும் இரண்டு சின்ன மூலைகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

பிளைவுட்டை எரிக்க எனக்கு மனமில்லை. கிந்தோட்டையில் செய்த தேயிலைப் பெட்டிகளின் பலகையில்தான் அப்பா தன் முதல் பஸ் சீட்டுகளுக்கு முதுகு அடித்தார். தேயிலையைக் கடதாசிப் பைகளில் ஏற்றத் தொடங்கும்வரை எங்கள் பக்கத்தில் அந்தப் பலகை இல்லாத வீடு இல்லை. தொட்டில், அலுமாரி, சாமி மாடம், எல்லாம் அது. விமான பிளைவுட் அதைவிட எத்தனையோ மடங்கு நேர்த்தி. ஒரு சதுர மீற்றர் ஒரு கிலோதான், தட்டினால் மிருதங்கத் தோல் மாதிரிக் கணீரென்கிறது. ஆனால் ஒன்றரை மில்லிமீற்றர் மரம் தீக்கு விறகுச் சிராய். அடியிலிருந்து நுனிவரை எரிந்து முடிந்தது.

நான் மிகவும் நம்பியிருந்தது தேன்கூட்டுப் பலகையை. ஒன்பது வருடம் நான் தூக்கிப் பூட்டிய பலகைகள் எல்லாம் அந்த இனம். நோமெக்ஸ் கடதாசி லேசில் எரியாது. ஆனால் அண்ணனின் கீற்று அறுபது செக்கன் காட்டியபோது பற்றிக்கொண்டது, எடுத்தபின்னும் 15 செக்கன் தாண்டி எரிந்தது. முதலில் புரியவில்லை, பிறகுதான் விளங்கியது. பயணிகள் விமானப் பலகைகளில் இழையைப் பிடித்திருப்பது பினாலிக் பிசின். அது எரிவதும் குறைவு, புகைவதும் குறைவு. ஆனால் அதைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைக்க வேண்டும். கராஜில் தூரிகையால் பூசும் சாதாரண எப்பொக்சி அப்படியல்ல, நன்றாகவே எரியும். தேன்கூடு என்ற பெயரை நம்பி நானே அண்ணனுக்கு அதைப் பரிந்துரைத்திருப்பேன். இதற்காகவாவது கீற்றுகளை வரவழைத்தது நல்லதாகப் போயிற்று.

வெள்ளி விரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1998 செப்டெம்பர் 2 ஆம் திகதி சுவிஸ்எயார் 111 நியூயோர்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் போகும் வழியில் கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையருகே கடலில் விழுந்தது. 229 பேர், ஒருவரும் தப்பவில்லை. விமானிகள் முதலில் ஏதோ வாடையை உணர்ந்ததிலிருந்து விழுந்தது வரை சுமார் 21 நிமிடம். விமானி அறையின் கூரைக்கு மேலே மின்கம்பியில் பொறி பறந்து, அது பற்றிக்கொண்டது வெப்பக் காப்பு மெத்தையின் மேலுறையில். அலுமினியம் பூசிய மெல்லிய பொலியெஸ்டர் தாள். அந்தத் தாள் அன்றைய சுடர்ச் சோதனையில் தேறிய ஒன்று. ஏன் தேறியது என்பதில்தான் பாடம். சுடரைக் காட்டினால் மெல்லிய தாள் சுருங்கி விலகிவிடும். பற்றுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. விமானத்தில் அது சுருங்க இடமில்லாமல் மடிந்தும் ஒட்டியும் கிடந்தது, அப்போது எரிந்தது. அதற்குப் பிறகுதான் அமெரிக்க விமான நிர்வாகம் அந்தத் தாளைக் கழற்றச் சொன்னது, காப்பு மெத்தைகளுக்குக் கடுமையான வேறு சோதனையும் வந்தது.

அண்ணனின் வெள்ளி விரிப்பை நான் இரண்டு விதமாகச் சோதித்தேன். தளரத் தொங்கவிட்டபோது தாள் சுருண்டு ஒதுங்கியது. அடுத்ததை நாலு பக்கமும் கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுடரைக் காட்டினேன். பின்னாலிருந்த நுரை உருகியது, சொட்டுகள் எரிந்தபடியே விழுந்து பரலின் அடியிலும் எரிந்தன. "சொட்" என்று விழும்போது ஒவ்வொன்றும் ஒரு சின்ன விளக்கு. நான் உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தில் ஒன்று பட்டு ஓட்டையாகிவிட்டது. அந்தச் சொட்டு எரிபொருள் குழாய் ஓடும் தரையில் விழுவதை நினைத்துப் பார்த்தேன். எங்கள் லயன் கூரையையும் நினைத்துப் பார்த்தேன். இதை வாசிக்கிற யாராவது அதை வீட்டுக் கூரைக்கு அடித்திருந்தால், கீழே விறகடுப்பு இருந்தால், தயவுசெய்து அடுப்புக்கு மேலிருக்கும் பகுதியையாவது கழற்றிவிடுங்கள்.

உறைத் துணிக்கு வந்தோம். கொழும்பில் ஒரு கடையில் தீப்பிடிக்காத ரெக்சின் என்று சொல்லிக் கூடுதல் விலைக்குத் தந்தார்கள். அதன் மேல்தோல் தாங்கியது, பின்னாலிருந்த துணி குறையில்லாமல் எரிந்தது. விற்றவரிடம் சொன்னேன், அவர் வேறொரு நிறம் காட்டினார்.

அப்போதுதான் அப்பாயி ஞாபகம் வந்தாள். மழையில் கொழுந்தெடுக்கப் போகும்போது தலையிலிருந்து முதுகுவரை கம்பளி போர்த்திக்கொண்டு போவாள். இப்போதைய பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் படங்குதான் தெரியும். மாலை வந்து அந்த ஈரக் கம்பளியோடேயே அடுப்பங்கரையில் குந்துவாள். விறகு வெடித்துப் பொறி பறந்து கம்பளியில் விழும். முடி கருகும் நாற்றம் வரும், கையால் தட்டிவிடுவாள். வருடக்கணக்கில் அப்படி. அந்தக் கம்பளி இன்னும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. விரித்துப் பிடித்தால் மிளகு மிளகாக ஓட்டைகள், ஒன்றும் மிளகைவிடப் பெரிதில்லை. அம்மாவிடம் கேட்டு ஒரு ஓரத்தில் கீற்று வெட்டினேன். காயவைத்து, பன்னிரண்டு செக்கன் காட்டினேன். அடி கருகியது, கரி உப்பியது, சுடரை எடுத்ததும் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்தது. சொட்டவில்லை.

புதுக் கம்பளித் துணி தேடி நுவரெலியாவுக்குப் போனேன். குளிர் உடுப்புக் கடைகளில் கம்பளி என்று தொங்குவதில் பாதி அக்ரிலிக். ஒரு நூலை உருவி எரித்தால் தெரிந்துவிடும்: கம்பளி என்றால் முடி நாற்றமும் விரலில் பொடிந்துபோகும் சாம்பலும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். கடைசியில் அண்ணனே அங்கிருந்து சாம்பல் நிறத்தில் சுத்தக் கம்பளித் துணி மூன்று மீற்றர் அனுப்பினார். என் தராசில் சதுர மீற்றருக்கு 400 கிராம்.

ஆக, தகடு அலுமினியம், துணி கம்பளி. அரை மில்லிமீற்றர் அலுமினியம் சதுர மீற்றருக்கு 1.4 கிலோ. அண்ணனின் பலகை வார்ப்புருக்களின் பரப்பைக் கூட்டினால் மொத்தம் 2.4 சதுர மீற்றர். நடுவே பெரிய வட்டங்களை வெட்டி, விளிம்பை மடித்து விறைப்பாக்கினால் தகடு 2.6 கிலோவுக்குள் வரும். முழங்காலுக்குக் கீழே வெறும் வர்ணம், மேலே மட்டும் கம்பளி. எல்லாம் சேர்த்து 3.2 கிலோ. முதலில் நினைத்திருந்த ஏபிஎஸ்ஸும் ரெக்சினும் என்றால் 6.7. மிச்சம் மூன்றரை கிலோ, அதாவது ஏறத்தாழ ஐந்து லீற்றர் பெட்ரோல். அவர் வைத்திருக்கும் லைகமிங் ஓ-320 என்ஜினுக்குப் பத்து நிமிடப் பறப்பு. பாதை தவறினாலும் காலநிலை கெட்டாலும் அந்தப் பத்து நிமிடம் பெரிய பொருள்.

அலுமினியம் தீயைத் தடுக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெருந்தீயில் அது உருகும். என்ஜினுக்கும் ஆட்களுக்கும் நடுவே நிற்கும் துருப்பிடிக்காத உருக்குச் சுவருக்குத்தான் அந்த வேலை. உள்பலகையிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான், அது தீக்குத் தீனியாகக் கூடாது.

தனித்தனியாகத் தேறியதைச் சேர்த்து வைத்தும் சோதித்தோம். கம்பளியை எங்கள் கடையில் வழக்கமாகப் பூசும் பசையால் தகட்டில் ஒட்டி எரித்தபோது, பசை அடியில் நின்று எரிந்தது. பஸ் வேலையில் நாங்கள் தாராளமாகப் பூசுகிற பசை. அதனால் பசையே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். தகட்டின் மடித்த விளிம்பில் 12 மில்லிமீற்றருக்கு ஒன்றாகச் சின்னத் துளை. கம்பளியை மேலே விரித்து, பின்பக்கம் இழுத்து, நோமெக்ஸ் நூலால் துளை துளையாகக் கோத்துக் கட்டுவது. அப்பா பழைய லொறி சீட்டுகளுக்குத் தோலை இப்படித்தான் இழுத்துக் கட்டுவார்: நடுவிலிருந்து தொடங்கி மூலைக்கு, எதிர் எதிர்ப் பக்கமாக, ஒவ்வொரு இழுப்புக்கும் கட்டைவிரலால் துணியை ஒரு முறை நீவி. மூலையில் மடிப்பு விழாமலிருக்க, கடைசி மூன்று துளையையும் முதலில் தளர விட்டு, துணி ஒரு இரவு படிந்தபின் காலையில் இறுக்க வேண்டும். வட்டம் வெட்டிய இடங்களில் கம்பளி தோலாக நின்று தகட்டின் அதிர்வையும் அடக்குகிறது.

பலகைக்கும் விமானத்தின் வெளித்தகட்டுக்கும் நடுவே ஒன்றும் அடைக்கவில்லை. பஸ் சீட்டுகளைப் பிரிக்கும்போது மழை குடித்த ஸ்பொன்ஞ்சைப் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் வரும், அடியில் சட்டம் துருவேறித் தூளாகியிருக்கும். அலுமினியமும் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தால் அரிக்கும், வெள்ளைப் பொடியாகத் தெரியும். காற்றோட்டம்தான் மருந்து.

இன்னொன்று அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆர்வியில் சுக்கானுக்குப் போகும் கேபிள்கள் ஆட்கள் உட்காரும் இடத்தின் இரண்டு சுவரையும் ஒட்டித்தான் ஓடுகின்றன. பலகை தளர்ந்து அதில் உரசினாலோ, கழன்ற திருகாணி ஒன்று உள்ளே விழுந்தாலோ ஆபத்து. அதனால் ஒவ்வொரு பலகைக்கும் திருகாணி, பின்னால் நிலையான நட்டுத் தகடு, கேபிள் பக்கம் இரண்டு விரல் இடைவெளி. வருடாந்தப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடத்தில் கழற்ற முடிய வேண்டும்.

அம்மாவுக்கு இந்த வேலை முதலில் பிடிக்கவில்லை. அம்மா பிறந்து வளர்ந்தது நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம். 1974 டிசெம்பர் 4 இரவு, ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த மார்ட்டின்எயார் விமானம் சப்த கன்னி மலையில் மோதி 191 பேர் போனார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட ஆள் அம்மா. விமானம் என்ற பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள். ஆனால் கம்பளியைக் கோக்கத் தொடங்கிய அன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். துணியைத் தடவிப் பார்த்தாள். "இது அப்பாயி கம்பளிய விட மெதுவா இருக்கு. நூல இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிடா, பிள்ள அதுக்குள்ளதான உக்காரப் போறான்" என்றாள். மூலைகளை அன்றைக்கு அம்மாதான் பிடித்தாள்.

அண்ணன் தகடுகளை அங்கே வெட்டி மடித்து அனுப்பியிருந்தார். நான் இங்கே கம்பளி கட்டித் திருப்பி அனுப்புகிறேன். வலது பக்கம் இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டன. பூட்டிப் பார்த்ததில் ஒரு துளை 4 மில்லிமீற்றர் தள்ளி விழுந்திருக்கிறது. தகட்டில் அல்ல, என் துணி வெட்டில்தான் பிழை; அதைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இடது பக்கம் முன்பலகை இன்று காலை மூலை இறுக்கியாகிவிட்டது. பின்பலகைக்கு நூல் போதாது, இன்னும் ஒரு கட்டை வர வேண்டும்.